எட்டு போட மறந்தவர்

மானத்தில் பல வகை உண்டு. வருமானம், சன்மானம், வெகுமானம், தன்மானம், கடைசியில் அவமானம். இவையெல்லாம் வரும், போகும். வந்தால் போகாமல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வது தேய்மானம் ஒன்றுதான் என்பது நம் மதிப்பீட்டாளரின் சித்தாந்தம். இதைச் சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. வீட்டுக்கு வரும் கடிதத்தில் சொந்தப் பெயர் இருந்தால், தபால்காரர் இரண்டு வீடு தள்ளிப் போய் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வருவார்.

மோட்டார் சைக்கிளுக்கு விலை மதிப்பது தொழில். விற்பதற்கான விலை இல்லை. அதற்குத் தரகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மனசாட்சி தேவையில்லை. இவருடையது முத்திரை குத்திய மதிப்பு. வண்டி மோதினால் காப்பீட்டுக் கம்பெனிக்கு, அப்பா வண்டி மகனுக்கு வந்தால் வரி அலுவலகத்துக்கு, அண்ணன் தம்பி பிரிந்தால் கோர்ட்டுக்கு. ஒரே வண்டிக்கு ஜனங்கள் மூன்று விலை எதிர்பார்த்தார்கள். இழப்பீடு வாங்கும்போது அது யானை. வரி கட்டும்போது பூனை. பாகப்பிரிவினையில் தனக்கு வந்தால் ஓட்டை உடைசல், தம்பிக்குப் போனால் தங்க ரதம். தேய்மானம் எல்லோரையும் சமமாகவே நடத்தினார். எல்லோருக்கும் குறைத்துப் போட்டார்.

அவருடைய தோல்பையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு காந்தம், நாலைந்து வெள்ளைத்தாள், ஒரு மழுங்கிய பென்சில் இருக்கும். அடிபட்ட டேங்க்குக்குப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பென்சில் சேஸி நம்பருக்கு. வண்டியின் கழுத்தில், ஹேண்டில்பாருக்குக் கீழே, இரும்பில் வெட்டிய எண் அது. ஜாதகமும் கைரேகையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே எழும்பி வரும். "கண்ணு பொய் சொல்லும், கரி சொல்லாது" என்பார்.

ஊரில் இருந்த காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் மதிப்பீட்டாளர்கள் இரண்டே பேர். இன்னொருவருக்கு ஊர் வைத்த பெயர் தாராளம். விழாத வண்டியிலும் விழுந்த கீறலைக் கண்டுபிடிக்கும் இளகிய மனசு அவருக்கு. எண்ணையும் எட்ட நின்று பார்த்தே எழுதிவிடுவார். இதைப் பொறுக்காமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தேய்மானம் கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார்: தேய்த்தெடுத்த கரிப்பதிவை அறிக்கையில் ஒட்டாவிட்டாலும், எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், நயா பைசா கொடுக்கக் கூடாது. கம்பெனி அதை விதியாக்கியது. உலகத்துக்குத் தான் செய்த தொண்டு அதுதான் என்று அவர் நம்பினார். அதற்குப்பின் எத்தனையோ பேர் ஓர் இலக்கத்தால் இழப்பீட்டை இழந்தார்கள். ஒருவர் அலுவலக வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். தேய்மானம் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

விபத்து நடந்தது ஒரு பணிமனை முற்றத்தில், காலை பதினோரு மணிக்கு. தேய்மானம் குத்துக்காலிட்டு யாருடைய வண்டியிலோ வளைந்த ஃபோர்க்கை அளந்துகொண்டிருந்தார். அவருடைய சொந்த வண்டி சுவரோரம் நிழலில் நின்றது. அடிபட்ட கார் ஒன்றை ஏற்றி வந்த மீட்பு வண்டி பின்பக்கமாக வந்தது. 'மீட்பு' என்று முன்பக்கம்தான் எழுதியிருந்தார்கள், பின்பக்கம் எழுதவில்லை. சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது அவருடைய வண்டி சுவருக்கும் பம்பருக்கும் நடுவே பாதி அகலத்துக்கு வந்திருந்தது. மீட்பு வண்டிக்குக் காப்பீடு போன மாதமே காலாவதியாகிவிட்டது என்பது அரைமணி கழித்துத் தெரிந்தது. இனி இழப்பீடு வந்தால் அவர் சொந்தக் காப்பீட்டிலிருந்துதான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் மாதக் கடைசியில் கம்பெனியின் பட்டியல் புதுப்பிக்கப்படும். சொந்த வண்டி இல்லாதவர் பட்டியலில் இருக்க முடியாது. பஸ்ஸில் வந்து இறங்கி வண்டிக்கு விலை மதிப்பவனை யார் மதிப்பார்கள்? ஐம்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது. இழப்பீடு வந்தால் வேறு வண்டி. வண்டி இருந்தால் பட்டியல். பட்டியல் இருந்தால் அடுப்பு.

சொந்த வண்டியைத் தானே மதிக்கக் கூடாது என்பதால் தாராளம் வந்தார். வந்ததும் வண்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"என்னண்ணே இப்படி ஆயிடுச்சு. எவ்வளவு போடட்டும்?"

"நியாயமா போடு."

"உங்க நியாயமா, என் நியாயமா?"

தேய்மானம் பணிமனையின் தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "உன் நியாயமே போடுப்பா" என்றார்.

தாராளம் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய தாராளம். வண்டியின் கழுத்தைத் துடைத்து, தாளை வைத்து, விதிப்படி தேய்த்தார். தாளைத் தூக்கிப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் துடைத்துத் தேய்த்தார்.

"அண்ணே, புக்குல கடைசி நம்பர் மூணு. இங்க எட்டு வருது."

"அழுக்கு இருக்கும்."

"அழுக்கு எட்டு போடுமா அண்ணே?"

தேய்மானமே தேய்த்துப் பார்த்தார். கரியில் கொழுகொழுவென்று எட்டு எழும்பி வந்தது. கரி பொய் சொல்லவில்லை.

பதினாறு வருஷத்துக்கு முந்திய கதை அது. இரண்டு சகோதரர்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். பழைய பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது. மதிப்பைச் சொல்லி, எண்ணையும் எழுதித் தரும்படி கோர்ட் இவரை அனுப்பியது. கொட்டகையில் தார்ப்பாயை விலக்கியதும், கறுப்பு டேங்க்கில் அவர் முகம் தெரிந்தது. அதற்குமுன் எந்த வண்டியிலும் அவர் தன் முகத்தைப் பார்த்ததில்லை, கீறலைத்தான் பார்த்திருக்கிறார். வண்டியின் கழுத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. துடைக்கப் பொறுமையில்லை. கிக்கரை உதைத்துச் சத்தம் கேட்கிற அவசரம். எண்ணைக் கண்ணால் பார்த்து, கடைசி இலக்கம் மூன்று என்று எழுதினார். மதிப்பை நன்றாகக் குறைத்துப் போட்டார். அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொள்வானேன் என்று சகோதரர்கள் வெறுத்துப்போனார்கள். அடுத்த மாதம் அதே விலைக்கு அவரே வாங்கிக்கொண்டார். மதிப்புப் போட்டவனே வாங்கக் கூடாது என்று எந்த விதியும் அவர் கண்ணில் படவில்லை. படுகிற இடத்தில் அவர் தேடவில்லை. அவருடைய அறிக்கையை வைத்துத்தான் புதுப் புத்தகம் போட்டார்கள்.

ஆக, பதினாறு வருஷமாக அவர் தவணை தவறாமல் காப்பீடு கட்டியது உலகத்தில் இல்லாத ஒரு வண்டிக்கு. உலகத்தில் இருந்த வண்டி அனாதையாக அவரைச் சுமந்துகொண்டிருந்தது.

தாராளம் அக்கம்பக்கம் பார்த்தார். "நான் மூணுன்னே எழுதிடறேன் அண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

"கரிப்பதிவை ஒட்டணுமே."

"ஆமா. எவனோ ஒரு புண்ணியவான் லெட்டர் போட்டிருக்கானாம்" என்று தாராளம் பெருமூச்சு விட்டார்.

இழப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் அதிகாரிக்கு அவர்மேல் மரியாதை உண்டு. நாற்காலி போட்டு உட்கார வைத்து, விதிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"திருத்தலாம் சார். முதல் அறிக்கை கொடுத்த மதிப்பீட்டாளர், 'என் தவறு'ன்னு ஒரு சான்று கொடுத்தா போதும். அவர் இருக்காரா?"

"இருக்கார்."

"எங்க சார்?"

"உன் எதிர்லதாம்மா."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ சுலபம்" என்றவள் அடுத்த வரியைப் படித்தாள். மலர்ந்தது அப்படியே நின்றது. "சொந்த வண்டிக்குச் சான்று கொடுக்கக் கூடாதுன்னு இருக்கே சார்."

"வேற வழி?"

"மேலதிகாரிகிட்ட விதிவிலக்கு கேக்கலாம். ஆனா" என்று தயங்கினாள், "தப்பான அறிக்கை கொடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா உங்களைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க."

"ஒத்துக்கலேன்னா?"

"வண்டி இல்லேன்னு எடுத்துடுவாங்க."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற கழுதையை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அதை வளர்த்தவர் தாமே என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் விடவில்லை, இதுபோன்ற கோப்புகளை மேலிடம் ஏதாவது கருணையோடு பார்த்திருக்கிறதா என்று பழைய அடுக்கில் தேடினாள். கிடைத்த பதினொரு கோப்பிலும் 'எண் பொருந்தவில்லை, நிராகரிக்கலாம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையது என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கையெழுத்துதான்.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் முருங்கைக்கீரை உருவியபடியே கேட்டாள்.

"லைசென்ஸுக்கு எல்லாரும் எட்டு போட்டுக் காமிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் போடாம விட்டுட்டு வந்திருக்கீங்க."

"பழக்கதோஷத்துல தப்பு நடந்திருந்தாகூடப் பரவாயில்லடி. ஆசையில நடந்துபோச்சு."

"அதானே. சோதிச்சுப் பார்க்காம நீங்க நம்பினது அது ஒண்ணைத்தான்."

"உன்னையும்தான் நம்பினேன்."

"என்னையா? கல்யாணமான வாரமே என் தங்க வளையல்ல காந்தம் வெச்சுப் பார்த்தீங்களே, மறந்துபோச்சா?" என்றாள். கீரைக் காம்பைத் தள்ளிவிட்டு, "ஒட்டுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் நீங்க சொல்லலை" என்றாள்.

ஒட்டியிருந்தது. அதை அவர் இப்போதும் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. தோல்பையில் ஓர் அரத்தையும் போட்டுக்கொண்டு பணிமனைக்குப் போனார். எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடது பக்கம் இரண்டு சின்ன வளைவுதான். ராவினால் போய்விடும். வண்டியருகே மண்டியிட்டு, அரத்தை அதன் கழுத்தில் வைத்தார். வைத்ததும், அரம் பட்ட இரும்பு கரிப்பதிவில் வெள்ளைத் திட்டாக விழும் என்பது ஞாபகம் வந்தது. அதைத்தான் அவர் அந்தப் பெண் அதிகாரி உட்பட எல்லோருக்கும் வகுப்பெடுத்திருந்தார், படம் போட்டு. பிறகு அரத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

பட்டியல் வந்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது, அதுவும் தாராளமாக.

பணிமனைக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னதால், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடத் தீர்மானித்தார். பழைய இரும்புக்காரர் வந்து, தாளை வைத்துத் தேய்த்து, புத்தகத்தோடு வைத்துப் பார்த்து, இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

"எடுக்க முடியாது சார். நம்பர் ஒத்து வரலை."

"உடைக்கிறதுக்குத்தானேப்பா. உடைக்க எதுக்கு நம்பர்?"

"போன வருஷம் எங்க கடைக்கு வந்து நீங்கதானே சார் சொன்னீங்க? ஒத்து வராத வண்டியை உடைச்சா உள்ள போடுவாங்கன்னு. பயந்துபோய்ச் சுவத்துல எழுதியே வெச்சிருக்கேன்."

"சொன்னேன்" என்று தேய்மானம் ஒத்துக்கொண்டார்.

வாழவும் முடியாமல் சாகவும் முடியாமல் வண்டி சுவரோரத்தில் சாய்ந்திருந்தது. டேங்க் நசுங்கியிருந்தாலும் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு பளபளவென்று மிச்சமிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, தோல்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.