கடனுக்கு ஓர் ஒத்திகை

நுரையக்காவின் வீட்டுப் பின்னறையில் இரண்டு சலவை இயந்திரங்கள் உண்டு. வீட்டுக்கென்று வாங்கியவை, தொழிலுக்காகத் தேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தெருவின் இரண்டு ஓட்டல்களுக்கு அவள்தான் விரிப்புகள் வெளுத்துக் கொடுப்பாள். வாசல் வடிகாலில் எந்நேரமும் நுரை மிதந்ததால் தெரு வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் நினைவிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டி முடியும் நிலையிலிருந்த மாணவர் விடுதியின் வார்டன் அம்மா வந்தார். "நாலு மாசத்துல திறக்கிறோம். வாரம் இருநூறு விரிப்பு. உங்களால முடியுமா?"

முடியாது என்று அந்த இரண்டு இயந்திரங்களைப் பார்த்தாலே தெரியும். நுரையக்கா முடியும் என்றாள்.

அன்று முழுவதும் அவள் கால் தரையில் பாவவில்லை. ஒரே தடவையில் முப்பது கிலோ துவைக்கும் பெரிய இயந்திரம், விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். அது நிற்கப்போகும் இடத்தைப் பின்னறைத் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டே குறித்துவிட்டாள். பேருந்து ஓட்டிக் களைத்து வந்த கணவர் தெரியாமல் அந்தக் கட்டத்துக்குள் கால் வைத்தார்.

"மெஷின் மேல நிக்காதீங்க. இறங்குங்க."

அவர் இறங்கினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

இனி பணம் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் போனே வழி சொன்னது: ஐந்து நிமிடத்தில் கடன், ஆவணம் வேண்டாம். 'சம்மதம்' என்ற பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றபோது நாத்தனார் உள்ளே வந்தாள். கணவரின் தங்கை, அடுத்த அறையில் குடியிருப்பவள். மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருபவள். ஒரு காசு குறைந்தாலும் மொத்த வரிசையையும் நிறுத்திவிடுவாள்.

"என்னண்ணி, போனைப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

"கடன் வருதுடி. முதல்ல எட்டாயிரம் கட்டணம் அனுப்பினாப் போதும்."

"பணம் இல்லைன்னு வர்றவகிட்டயே எட்டாயிரம் கேக்கறவன், குடுக்கறவனா வாங்கறவனா?"

நாத்தனார் போனை வாங்கித் திரையைக் கீழே தள்ளிப் படித்தாள்.

"இது என்ன, போன்ல இருக்கற எல்லா நம்பரும் வேணுமாம்?"

"பழக்க வழக்கத்துக்குக் கேக்கறாங்க போல."

"ஒரு தவணை தவறட்டும். வார்டன் அம்மாவுல ஆரம்பிச்சு எல்லாருக்கும் போன் போட்டு உங்க மானத்த வாங்குவான். நல்லாப் பழகுவான்."

விரல் கீழே இறங்கியது. மறுநாள் இருவரும் கூட்டுறவு வங்கியில் விசாரித்தார்கள். இரண்டு வருடக் கடன், மாதம் ஏழாயிரத்து அறுநூறு. நுரையக்கா அங்கேயே பேனாவைத் தேடினாள். நாத்தனார் விண்ணப்பத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம் கடன் வாங்காமலே தவணை கட்டுங்க அண்ணி. நான்தான் வங்கி. விடுதிப் பணம் இன்னும் வரல, அதைக் கணக்குல சேக்கக் கூடாது."

"வாங்காத கடனுக்கா?"

"வாங்கின கடனுக்கு ஒத்திகை பாக்க முடியாதே."

கடன் வாங்குகிறவர், நாளை இருக்கப்போகும் ஒருவர் சார்பில் இன்றே வாக்குக் கொடுக்கிறார். அந்த ஒருவரை அவர் பார்த்ததுகூட இல்லை. இந்த ஏற்பாட்டில் ஏதாவது அறிவு இருந்ததென்றால், அந்த ஆளை முன்னதாகவே வீட்டுக்கு வரவழைத்ததுதான்.

முதல் மாதத் தவணையை நுரையக்கா, நாத்தனார் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டினாள். பணம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. அதற்கு ரசீது கேட்டு வாங்கினாள், முத்திரை இல்லை என்று குறையும் சொன்னாள்.

இரண்டாவது மாதம் பெரிய ஓட்டலை வெள்ளையடிக்கப் பதினைந்து நாள் மூடிவிட்டார்கள். தவணை நாளன்று காலை, விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தவளின் போன் அடித்தது. குரல் போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

"வணக்கம் மேடம், வங்கியிலருந்து பேசறோம்."

"மேடம், ஓட்டலுக்கு வெள்ளையடிக்கிறாங்க."

"அது ஓட்டலுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள விவகாரம் மேடம்."

"கையில அஞ்சாயிரத்து நூறுதான் இருக்கு. இன்னிக்கு மட்டும் நாத்தனாரா இரேன்."

"யோசிச்சுக்குங்க மேடம். நாத்தனாருக்கு வங்கியே தேவலை."

நுரையக்கா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் ஈர விரிப்புக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கமும் வங்கி சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்து முடித்ததும், தாமதக் கட்டணம் இருநூறு என்றது.

சிரிப்பு அடங்கியதும் அவள் கணக்குப் போட்டாள். இரண்டாயிரத்து ஐந்நூறு குறைகிறது. நிஜக் கடனாக இருந்தால் இந்நேரம் அவள் இன்னொரு கடன் தேடிப் புறப்பட்டிருப்பாள்.

மூன்றாவது மாதம் பாக்கி, அபராதம், தவணை எல்லாம் கட்டி முடித்தாள். டப்பாவில் இருபத்து மூவாயிரம் சேர்ந்திருந்தது. அதை முன்பணமாக வைத்தால் கடன் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் போதும். ஆனாலும் இரண்டு வருடத்துக்குப் போட்டால் தவணை ஆறாயிரத்து ஐந்நூறு வந்தது. மூன்று வருடத்துக்குப் போட்டால் நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

"மூணு வருஷம்னா வட்டி பத்தாயிரம் கூட ஆகும், தெரியுமில்ல?" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

வங்கியில் நுரையக்கா கடன் பத்திரத்தின் நாலு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "நல்ல மாசத்துல கூடக் கட்டினா அபராதம் உண்டா சார்?"

"இல்லம்மா. அசல்ல கழிச்சுக்குவோம். உங்க வரவு செலவு நல்லாவே இருக்கு, மூணு லட்சம்கூடத் தரலாம். ரெண்டு மெஷினாப் போட்டுக்குங்களேன்" என்றார் அதிகாரி.

ரெண்டு மெஷின். பின்னறைத் தரையில் இன்னொரு கட்டம் அவள் கண்முன் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இறக்கைகளை எண்ணுகிறாள் போலும், மூன்றோடு நிறுத்தவே இல்லை.

"வேண்டாம் சார். ரெண்டாவது மாசத்துல ஒருத்தியைப் பாத்தேன். அவளால அஞ்சாயிரத்துக்கு மேல முடியாது."

"எவளாலம்மா?"

"என்னாலதான் சார்" என்றாள் நுரையக்கா. ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் என்று எழுதியிருந்த இடத்தை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.