ஏலக்காய்த் தட்டில் செய்த கூண்டு

அந்தக் கிளி வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் தவம் கிடக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த டீச்சருக்கு வெளியூருக்கு மாறுதல் வந்தது. "டீச்சர், நீங்கதான் பத்திரமாப் பாத்துக்குவீங்க" என்று ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவள் என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால் போதும், ஊரில் இருக்கிற பெட்டியெல்லாம் நம் கைக்குத்தான் வரும்.

சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. காக்கட்டீல் என்று பெயர் சொன்னார். பச்சைக்கிளியை வளர்த்தால் வனத்துறை வந்து நிற்கும், இது வெளிநாட்டுச் சாதி, அந்தப் பயமில்லை என்றும் சொன்னார். அப்போதுதான் தானாகக் கொத்தித் தின்னப் பழகியிருந்த குஞ்சு. பெட்டியைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சீறியது. போடியில் பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் நடந்து வந்தவளுக்கு அந்த வரவேற்பு போதாதா?

பார்த்துக்கொள்ள வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர். குரங்கணிக்கு மேலே மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. போன மழைக்காலத்தில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு இறங்கியவர், வண்டியோடு சறுக்கி ஓடைக்குள் விழுந்துவிட்டார். காலில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் நடக்கவில்லை. கட்டில், கக்கூஸ், மறுபடி கட்டில். வாங்கி வந்த ஊன்றுகோல் சுவரில் சாய்ந்தே இருந்தது. ஆட்டோ கூப்பிடட்டுமா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோட்டத்தை என் கொழுந்தன் பார்த்துக்கொண்டான். "இன்னிக்கு எம்புட்டுக் காய் எடுத்தாங்க?" என்றுகூட இவர் கேட்பதில்லை. பேச்சுக்குப் பேச்சு சண்டைக்கு நின்ற மனிதர், சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் தின்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கிளிக்கென்று கடையில் ஒரு கூண்டு வாங்கி வந்தேன். தூக்கிவிட்டால் தானாக விழுந்து மூடுகிற கதவு. அவர் கட்டிலில் கிடந்தபடியே அதைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு கூண்டா? தலைய நீட்டுற நேரம் பாத்துக் கதவு விழுந்தா கழுத்துப் போயிரும்."

அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "ஏப்பா, ஸ்டோர்ல கழிச்சுப் போட்ட தட்டுக கெடக்குல்ல? அடுத்த லோடு எறங்கும்போது நாலு தட்டுக் கொண்டா."

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கிற வீடு. அதற்குள் அடுக்கடுக்காகக் கம்பிவலை அடித்த தட்டுகள் இருக்கும். கொழுந்தன் கொண்டுவந்து போட்ட அன்று, ஏலவாசத்தோடு சேர்ந்து என் வீட்டுக்காரரின் குரலும் வீட்டுக்குள் திரும்பி வந்தது. அதை எடு, இதைப் பிடி, அங்கே நிக்காதே, வெளிச்சத்தை மறைக்கிறே என்று திட்டு. திட்டு வாங்கிக்கொண்டே அடுப்படியில் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்தார். ஒரு முதல்தரக் காயை எடுத்து வலைக்கண்ணில் வைத்து அழுத்தினார். "காயே நொழையல. இது தல எங்கிட்டு நொழையப் போகுது?" வெட்டிய கம்பி முனைகளையெல்லாம் வெளிப்பக்கமாக மடித்து அரம் போட்டு ராவினார். கதவுக்குப் பக்கவாட்டுக் கீல் வைத்து, கிளி மூக்கால் நெம்ப முடியாத கொக்கி மாட்டினார். உட்காரக் கொய்யாக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமனில். நான் அழகுக்கு ஒரு ஊஞ்சல் கட்டினேன். அந்தச் சணல் கயிற்றைப் பார்த்தவுடன் அறுத்து எறிந்தார், நகம் மாட்டிக்கொள்ளுமாம். தாளிக்கிற புகை படக்கூடாது என்று கூண்டைத் தன் கட்டில் பக்கத்து ஜன்னலுக்கே மாற்றச் சொன்னார். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து இத்தனையும் கற்றுக்கொண்டார். இந்த மனிதர், இப்போது வெளியூரில் படிக்கிற எங்கள் பிள்ளை பிறந்தபோது தொட்டில் கட்டக்கூட ஆள் விட்டவர்.

கிளிக்கும் கூண்டு பிடித்துப்போனது. வலையில் தொற்றி ஏறும், இறங்கும், நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். "பல்லு மொளைக்குது போல" என்று அவர் கேலி பேசினார். சாயங்காலம் நான் வந்தால் கிளி அன்றைக்குச் செய்த சேட்டையைச் சொல்லுவார். நானும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்பேன்.

கொஞ்ச நாளில் கிளி சிறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. தின்றதைக் கக்கியது. கழிச்சல் தண்ணீராகப் போனது. சளி பிடித்திருக்கும் என்றார் அவர். லீவு சொல்லிவிட்டு, செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, அதில் கிளியை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு தேனிக்கு பஸ்சு ஏறினேன். பறவை பார்க்கிற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். கிளியைத் தொடுவதற்கு முன்னால் கூண்டைப் பற்றித்தான் கேட்டார். போனில் போட்டோவைக் காட்டினேன்.

"இந்த வலை மேல துத்தநாகப் பூச்சு இருக்கும்மா. கிளி கடிச்சுக் கடிச்சு அது உள்ள போயிருக்கு. விஷம்."

"சாப்பிடுற காய் காய வச்ச வலை, டாக்டர். எங்க காய்தான், நாங்களும் டீயில போட்டுத்தான் குடிக்கிறோம்."

"காய் கம்பியக் கடிக்காதேம்மா" என்றார்.

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்த வலையைத்தான் கொடுத்திருப்பார்கள். திங்கிற பொருள் பட்ட வலை, அதைவிடச் சுத்தமான வலை ஏது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். கிளி பிழைத்துவிடும், ஆனால் அந்தக் கூண்டுக்குள் மறுபடி போகக் கூடாது, கடையில் வாங்கினதும் வேண்டாம் என்றார்.

பஸ்சில் திரும்பும்போது எனக்குக் கிளியைப் பற்றிக் கவலையே இல்லை. கவலையெல்லாம் வீட்டில் கிடந்தவரைப் பற்றித்தான். மாதக்கணக்கில் அவர் கைதொட்டுச் செய்த ஒரே காரியம் அந்தக் கூண்டு. அதுவும் விஷம் என்று சொன்னால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்.

"என்ன சொன்னாக?"

"சளிதானாம். கதகதப்பா வைக்கச் சொன்னாங்க" என்றேன்.

பிளாஸ்டிக் துணிக்கூடையைக் கவிழ்த்து, மேலே கொசுவலையைப் போட்டுக் கிளியை அதற்குள் வைத்தேன். காலையில் சோறாக்கி, கிளிக்கு ஊசிக்குழாயில் மருந்து புகட்டி, அவர் வேட்டி துவைத்து, பள்ளிக்கூடம் போய்த் தொண்டை கிழியக் கத்தி, மத்தியானம் மருந்துக்கு ஓடி வந்து, திரும்பப் போய், சாயங்காலம் வந்தால் மறுபடி அடுப்பு. இதெல்லாம் உடம்பு அலுப்பு, படுத்தால் தீரும். "கூண்டுல விடலையா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு புதுப்பொய் தேட வேண்டியிருந்ததே, அந்த அலுப்பு எதிலும் தீரவில்லை. ஜீப்பு விழுந்த நாளிலிருந்தே நான் அவரிடம் யோசித்து யோசித்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பொய் வந்தபிறகு மூச்சு விடக்கூட யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிளி தேறிக் கூடைக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டார். "சளி போயிருச்சுல்ல. இன்னும் ஏன் கூண்டுல விடல?"

"ஜன்னல்ல காத்து அடிக்குது."

"ஜன்னலச் சாத்து."

"சாத்துனா வெக்க."

"ஏ, எங்கிட்டச் சொல்ல மாட்டியா நீ?"

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "அந்த வலை விஷமாம்! அதக் கடிச்சுத்தான் சாகக் கெடந்துச்சு. சொன்னா நீங்க மறுபடி படுத்துக்குவீங்கன்னு சொல்லல. போதுமா? என்னால முடியல. உங்களையும் தூக்கி, உங்க மனசையும் தூக்கி, ரெண்டையும் எறக்கி வைக்க எடமில்லாம அலையுறேன். எனக்கு அசதியா இருக்கு!"

பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்கூட நின்றது. அவர் கூண்டின் பக்கம் திரும்பினார். சுவர்ப்பக்கம் திரும்பத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆறு மாசமா எல்லாரும் எங்கிட்ட எழவு வீட்டுல பேசுற மாதிரி மெதுவாப் பேசுறீங்க. நீயாச்சும் இன்னிக்குக் கத்துனியே" என்றார். பிறகு, "விஷமில்லாத வலை எதுவாம்?"

"எவர்சில்வர் வலைன்னா பயமில்லையாம்."

"நீ போனா உன் தலையில எதையாச்சும் கட்டிருவான். ஆட்டோவக் கூப்பிடு."

ஆட்டோவில் ஏறியதும் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி திரும்பின ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மூடினார். நெற்றியெல்லாம் வேர்வை. திரும்பிப் போய்விடலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கடை வாசலில் ஊன்றுகோலோடு இறங்கி, படியில் தானாக ஏறினார். ஏறின உடனே கடைக்காரரிடம் சண்டை. "இது எவர்சில்வரா? யாருகிட்ட விடுற? காந்தத்தக் கொண்டாய்யா, ஒட்டுதான்னு பாப்போம்!"

எனக்கென்று போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலை வெட்டுகிற சத்தமும், அவர் அதட்டுகிற சத்தமும் காதில் விழுந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது கழுத்து வலித்தது. கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. வெயில் வாசலைவிட்டு எதிர்ச்சாரிக்குப் போயிருந்தது. எதிரே சிமெண்டு மூட்டைமேல் அவர் உட்கார்ந்திருந்தார். வெட்டின வலைச்சுருள் மடியில். நொந்த காலை நீட்டமுடியாமல் மடக்கி வைத்திருந்தார். சுற்றிலும் சாமான், நீட்ட இடமில்லை.

"ஐயோ, எழுப்பக் கூடாதா?" என்று பதறி எழுந்தேன்.

"கடைய அடைக்கணும்னாரு. செத்த இருங்கய்யா, எங்க வீட்டுல தூங்குறாக, அவுகளா எந்திரிக்கட்டும்னேன்" என்றார்.