பெட்ரோலியம் முதலில், கெமிக்கல் இரண்டாவது

அதியமான்கோட்டை பைபாஸில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில் மாதையன் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தார். படித்தது பத்தாம் வகுப்பு. தினமும் காலையில் கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து, மிதவையை இறக்கி, வெப்பத்தைப் பார்த்து, அட்டவணையில் விரலை ஓட்டி அடர்த்தியைச் சொல்லிவிடுவார். மேனேஜருக்கே அந்தக் கணக்கு தடுமாறும். டேங்கர் சரக்கின் அடர்த்தி எண் பில்லோடு ஒத்துப்போகாவிட்டால் இறக்க விடமாட்டார். ஓட்டுநர்கள் திட்டுவார்கள். அவர் பாட்டுக்கு மறுபடியும் ஜாடியைக் கழுவுவார்.

அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் எண்ணெய் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர். ஆள் மாறினாலும் மரியாதை மாறாது. முதலாளியே எழுந்து நிற்பார். ஆபீசர் என்றால் பெட்ரோலியம் படித்தவர் என்று மாதையன் தானாகவே முடிவு செய்திருந்தார். கேட்டதில்லை. ஆபீசர் கேட்பார், பங்க் ஆள் பதில் சொல்வான். அவரைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

மகள் எழிலரசி ப்ளஸ் டூ முடித்தாள். அவள் கட்-ஆஃபுக்கு ஒரே இன்ஜினியரிங் கல்லூரியில் கெமிக்கல், பெட்ரோலியம் இரண்டுமே கிடைக்கும் போலிருந்தது. கவுன்சலிங் பட்டியலில் எதை மேலே வைக்கிறோமோ அதுதான் வரும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். வீட்டில் மூன்று நாள் சண்டை.

"கெமிக்கல்னா மருந்து, உரம், பெயிண்ட், ரிஃபைனரி எதுக்கு வேணா போலாம்ப்பா. பெட்ரோலியம்னா பூமியத் தோண்டி எடுக்கறது மட்டுந்தான்."

"பெட்ரோல் என்னான்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"நீ பாக்கறது எல்லாம் முடிச்சு வர்ற பெட்ரோலு. கச்சா எண்ணெயக் கண்ணால பாத்திருக்கியா?"

"நீ பாத்திருக்கியா?"

அவளும் பார்த்ததில்லை. அம்மா நிர்மலா சிரித்துவிட்டாள். "ரெண்டு பேருமே பாக்காத எண்ணெய்க்கு வூட்ல எதுக்குச் சண்ட? சோறு ஆறுது, வாங்க."

"சரி, அந்த ஆபீசரு என்னா படிச்சாருன்னு கேட்டியா?" என்றாள் எழிலரசி.

மாதையன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். "இன்னிக்கு வர்றாரு. கேட்டுட்டு போன் பண்றேன். அதுவரைக்கும் இரு."

அன்றுதான் கடைசி நாள். எழிலரசி தெருமுனையில் பிரபாகரின் பிரவுசிங் சென்டரில் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தாள். கெமிக்கலை முதலில் வைத்திருந்தாள். போன் வரவில்லை. நான்கு தடவை அவளே அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பங்க்கில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

"ஏம்மா, சர்வர் படுத்துச்சுன்னா ரெண்டும் போயிரும்" என்றார் பிரபாகர்.

மணி நான்கு ஐம்பது. அப்பா இதுவரை தன்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஐந்து மணிக்குள் அந்த நினைப்பு தணிந்தும் போயிருக்கும். பெட்ரோலியத்தை மேலே நகர்த்தினாள்.

ஐந்து இருபதுக்குப் போன் வந்தது. "பாப்பா, ஆபீசரு இப்பத்தான் வந்தாரு, கெமிக்கலாம்! அவுங்க செட்ல பெட்ரோலியம் ஒருத்தருமே இல்லியாம். நீ சொன்னதுதான் சரி. பூட்டலன்னா கெமிக்கலே வெய்யி."

"பூட்டியாச்சுப்பா."

"எது முதல்ல?"

"நீ சொன்னது."

"ஏம்மா மாத்துன?"

"ஏன்ப்பா நேத்தே கேக்கல? பதினேழு வருஷமா யாராச்சும் ஒரு ஆபீசரு வந்துட்டுத்தான இருக்காங்க?"

மறுநாள் மாதையன் சாப்பிடாமலேயே தருமபுரி கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போனார். பூட்டியதைத் திறக்க முடியாது என்றார்கள். மதியம் இரண்டு மணி வரைக்கும் அங்கேயே நின்றார்.

அவள் பெட்ரோலியம் படித்தாள். முடித்த வருடம் அந்தத் துறைக்கு ஒரு கம்பெனியும் வரவில்லை. வேலை விண்ணப்பங்களில் பாடப்பிரிவுப் பட்டியலில் கெமிக்கல் இருக்கும், மெக்கானிக்கல் இருக்கும். அவள் 'இதர' என்பதைத் தொடுவாள். கடைசியில் ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த கெமிக்கல்காரர்கள் அவளுக்கே மேலாளர் ஆனார்கள்.

யாரையும் எதுவும் கேட்காத மாதையன் அதன்பிறகு எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார். குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் ஜன்னலில் குனிவார். "சார் என்னா படிச்சிருக்கீங்க?" சிலர் சிரித்தார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றினார்கள். பதில் கிடைத்த நாளில் சாயங்காலம் மகளுக்குப் போன்.

"பாப்பா, இன்னிக்கு ஒருத்தரு பெட்ரோலியமாம். மஸ்கட்ல இருக்காராம். நம்பர் வாங்கியிருக்கேன்."

"எத்தன நம்பர்ப்பா வாங்குவ? விட்டுருப்பா."

அவர் விடவில்லை. அவள் போனை எடுப்பதைக் குறைத்தாள்.

போன மாசியில் ஒரு சாயங்காலம் இரண்டு தடவை அழைத்தார். ஆய்வகத்தில் தணிக்கை; அவள் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஜாடியைக் கையில் வைத்திருந்தபடியே மாதையன் பங்க்கில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

கேதத்துக்கு வந்த குரு அவரோடு ஒரே ஷிப்டில் நின்றவன். "முந்தின நாள் சாயந்தரம் ஒரு கார் வந்துச்சுங்க. அண்ணன் ரொம்ப நேரம் பேசுனாரு. அந்தாளு ஒரு துண்டுச் சீட்டுல என்னமோ எழுதிக் குடுத்தாரு. அண்ணன் எங்கிட்ட 'பாப்பாவுக்கு இதாண்டா சரி'ன்னாரு."

"யாரு அவரு? என்ன எழுதுனாரு?"

"தெரியலீங்க. நான் அடுத்த வண்டிக்குப் போட்டுட்டு இருந்தேன்."

எழிலரசி பங்க்குக்குப் போய் லாக்கரைத் திறக்கச் சொன்னாள். சீட்டு இல்லை. அவர் போனில் புது எண் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்தச் சாயங்காலம் அப்பா போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டை எங்கே என்று அம்மாவைக் கேட்டாள்.

"மறுநாளும் அதத்தான் போட்டுட்டுப் போனாரு கண்ணு. ஆஸ்பத்திரில கத்திரியில வெட்டி எடுத்தாங்க."

அவள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெட்டிய சட்டைகளை எங்கே போடுவீர்கள் என்று மூன்று பேரைக் கேட்டாள். மூன்றாவது ஆள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது என்றார்.