சீல் பிரிக்காத இருமல் மருந்து

இன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்க நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் நின்ற அக்கா ஓர் இருமல் சிரப்பைத் திருப்பிக் கொடுத்தார். "இத்த எடுத்துக்கினு டப்பு குடுத்துடு நைனா. சீலுகூட பிரிக்கல."

"இன்னாம்மா, பாப்பாவுக்கு இருமல் போயிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"பத்து நாளா இருமலே இல்ல. ஃபர்னஸ் ரிப்பேருன்னு இரும்பு மில்லை மூடிட்டாங்க இல்ல? எங்க ஊட்டுக்காரரு வேலையில்லாம குந்திக்கினு கீறாரு, அது ஒரு பேஜாரு. ஆனா புகை இல்ல, பாப்பா நல்லா தூங்குது."

"திங்கக்கிழமை மில்லு தொறக்கறாங்களாமே. கேட்டுல நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க."

"அப்பாடா, சம்பளம் வரும்" என்றார் அக்கா. பிறகு சிரப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நோட்டீஸை மில் ஆபீஸில் டைப் செய்தவள் நான்தான். ஃபர்னஸில் நிலக்கரியை விட்டுவிட்டு கேஸுக்கு மாறலாம் என்று சொல்லும் ஃபைலும் என் மேஜையில்தான் கிடக்கிறது. அதன் மேல் மேனேஜர் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார்.

நிலக்கரியைக் குறைத்தால் பூமி சூடாவது குறையும் என்று காலேஜ் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை இருமாமல் தூங்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா நான் வாங்கிய மாத்திரையைப் பார்த்து, "தலைவலியா? எங்கேம்மா வேலை செய்யற?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் வேலை, அக்கா" என்றேன்.

பொய் இல்லைதான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?