அந்துவான் சார் போட்ட ஆப்பிரிக்கப் பாட்டு

அந்துவான் சார் போயிட்டார். இன்னிக்குக் காலைல. ஹார்ட் அட்டாக்காம்... மூலக்குளத்து வீட்டுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். புதுச்சேரி லாஸ்பேட்டைல நான் தமிழ் நடத்துற காலேஜ்ல அவர் பிரெஞ்சு வாத்தியார். ஸ்டாஃப் ரூம்ல பக்கத்து சீட். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார்.

பிரெஞ்சுன்னா பாரீஸ், ஈஃபிள் டவர்னு நினைப்பீங்க. இவர் நடத்தினது ஆப்பிரிக்கா. பிரான்ஸ்கிட்டேருந்து விடுதலை வாங்கின நாடுகளோட நாவல், பாட்டு. அதுல தேசம்னா யாரு, தலைவர்னா யாரு... அதான் அவர் சப்ஜெக்ட்.

ஒரு தடவை ரெண்டு பாட்டு போட்டுக் காட்டினார். ஒரே பேண்டு, நடுவுல சில வருஷ இடைவெளி. முதல் பாட்டுல "நம்ம மண்ணு, நம்ம ஜனம்"னு வருதாம். அடுத்த பாட்டுல அந்த இடத்துல எல்லாம் பிரசிடென்ட் பேரு.

"பாருங்க மேடம், நாடு எழுந்து போயிடுச்சு. ஆள் வந்து உக்காந்துட்டாரு."

"இதுக்கு ஏன் சார் ஆப்பிரிக்கா வரைக்கும் போறீங்க? பெரிய மார்க்கெட் பக்கம் கட்சி மீட்டிங் நடக்கும்போது போய் நில்லுங்க"ன்னேன். சிரிச்சார். மறுநாள் கிளாஸ்ல அதையே சொல்லியிருக்கார், என் பேரை விட்டுட்டு.

அவங்க அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்கள இங்க அப்படித்தான் சொல்லுவோம். சர்வீஸ் பாதி ஆப்பிரிக்காவுல. மகன் என்ன பாடம் நடத்துறான்னு அவர் கேட்டதே இல்லையாம். சாருக்கு அது பெரிய குறை. "பப்பா ஒரு நாள் வந்து கேட்டா போதும் மேடம்"பார்.

வந்தார். நவம்பர் ஒண்ணு, காலேஜ்ல நடந்த புதுச்சேரி விடுதலை நாள் ஃபங்ஷனுக்கு. கூடவே இன்னும் சில பழைய சொல்தாங்க, சட்டைல மெடலோட. சார் ஒரு ஆப்பிரிக்க விடுதலைப் பாட்டு போட்டார். பிரெஞ்சுல.

டிரம்பெட் சத்தம் கேட்டதும் சொல்தாங்க அத்தனை பேரும் எழுந்து அட்டென்ஷன்ல நின்னுட்டாங்க. பிரான்ஸ் தேசிய கீதம்னு நினைச்சுட்டாங்க போல. அவங்களப் பாத்து ஹாலே எழுந்துது, பிரின்சிபால் உட்பட.

அப்புறம் வார்த்தை வந்துது. பிரான்ஸுக்காகத் துப்பாக்கி தூக்கிக்கிட்டு வந்தவனே, வெளிய போ... அதான் அர்த்தம். சாரோட அப்பா தொப்பிய எடுத்துக்கிட்டு வெளிய போய் ஆட்டோ பிடிச்சுட்டார்.

விடுதலை நாளுக்கு விடுதலைப் பாட்டு. அவ்வளவுதான் சார் யோசிச்சிருக்கார். முன் வரிசைல யாரு உக்காந்திருக்காங்கன்னு யோசிக்கல.

அதுக்கப்புறம் அப்பாவும் மகனும் மாத்திரை, சாப்பாடு தவிர வேற பேசினதில்ல. ஒரே வீட்டுல. எனக்கு சார் மேல கோவம்தான். போய் உக்காந்து பேச வேண்டியதுதானே? கேட்டா "பாக்கலாம் மேடம்"பார்.

இன்னிக்கு அந்தப் பெரியவர் மகனோட சவப்பெட்டி பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தார். "நீ அவன்கூட வேலை பார்த்த பொண்ணுதானே?"ன்னார்.

ஆமாம்னேன்.

"கிளாஸ்ல என்னதான் சொல்லுவான்? சொல்லும்மா."

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். நாடு, ஆள், அந்த ரெண்டு பாட்டு... முழுசா கேட்டுக்கிட்டார்.

அப்புறம் கேட்டார், "எங்ககூட அந்த ஆப்பிரிக்கா பசங்களும் பிரெஞ்சு யூனிஃபார்ம் போட்டிருந்தாங்களே. அவங்க எந்தப் பாட்டப் பாடுறது?"

"சாரைத்தான் கேக்கணும்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். முடிஞ்சவங்க வாங்க.

போயிட்டு வாங்க சார்.