மேகம் மேய்க்கிற ஊர்

அப்பா, அம்மா, அக்கா, தம்பி, நான். ஆற்றோரப் பேட்டையான க்யிம்யிண்டைங் வீட்டில் அன்று இவ்வளவு பேர்தான். இன்று நகரின் மறுபக்கம் தின்கன்ஜூனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை வாசனை அடித்தது. அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகள் நாங்கள் மூவரும் விளையாட்டுக்கு ஒரு ஊர் வைத்திருந்தோம். அந்த ஊர் விவசாயிகள் மாடு மேய்ப்பதில்லை, மேகம் மேய்ப்பார்கள். "சாப்பிட்டீங்களா" என்பதற்கு அங்கே "மேகம் வீடு திரும்பிருச்சா" என்று கேட்பார்கள்.

படகுத்துறையில் வேலை போனதிலிருந்து அப்பா சாப்பிடவில்லை, பேசவுமில்லை. அவர் முன்னால் கிண்ணத்தில் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ், ஆறிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த ஊர்க்காரி போல அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, உங்க மேகம் வீடு திரும்பிருச்சா?"

அப்பா நிமிர்ந்தார். "இல்லம்மா, வழி தப்பிருச்சு. இந்தா, புடிச்சுட்டு வரேன்" என்று கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

"புடிச்சுட்டு வந்தா நான்தானே கட்டணும்?" என்றாள் அம்மா.

அன்று அந்த ஊரில் குடிகள் ஐந்து.