ப்ரேக்குக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த கதை

சனிக்கிழமை காலையில் காரின் ப்ரேக்கை மிதித்தேன். பெடல் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது!

வண்டி நின்றது. ஆனால் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மேகமலையில் தங்கச்சி சித்ராவுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளைக்கு அங்கே டீ எஸ்டேட்டில் வேலை. வளையல் போட்டு முடித்ததும் பிறந்த வீட்டுக்காரர்கள் பெண்ணைத் தங்கள் வண்டியில் கூட்டி வர வேண்டும்.

பிறந்த வீட்டுக்காரன் நான். வண்டி இது!

அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நிறைமாதப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பஞ்சு ப்ரேக்கோடு எப்படி இறங்குவது?

"ஏங்க, பேசாம டாக்ஸி பிடிச்சிருவமா?" என்றாள் என் மனைவி கோமதி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. (ப்ரேக் வேலை பார்த்தது நான்தான். வராதா பின்னே?)

ஆமாம். முந்தின நாள்தான் முன் சக்கரம் இரண்டிலும் காலிபரைக் கழற்றி, சீல் மாற்றி, புது பேட் போட்டிருந்தேன். எல்லாம் நானே, வீடியோ பார்த்து! (காலிபர் தெரியாதவர்களுக்கு: ப்ரேக்கை மிதித்தால் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிற இரும்புக் கட்டை.)

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. இரண்டு காலிபருக்கும் சிவப்பு பெயின்ட் அடித்தேன்!

திராட்சைப் பெட்டி மேல் இரண்டையும் அருகருகே வைத்துக் காயவிட்டு, சாயங்காலம் மாட்டினேன். வீல் இடுக்கு வழியாகப் பார்க்க ரேஸ் கார் மாதிரியே இருந்தது. நான்கு போட்டோ எடுத்தேன். (நீங்கள் லைக் போட்டது அதற்குத்தான்.)

சரி, ஆயில் லைனில் காற்று மிச்சம் இருக்கும், அதனால்தான் இந்தப் பஞ்சு என்று சனிக்கிழமை மறுபடி ஆரம்பித்தோம். கோமதி பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் கீழே உட்கார்ந்து காலிபரில் இருக்கும் நிப்பிளைத் திறப்பேன். காற்றும் ஆயிலும் டியூப் வழியாகப் பாட்டிலுக்கு வரும். நான் மூடிய பிறகுதான் அவள் காலை எடுக்கலாம்.

"மிதி!"

"மிதிச்சாச்சு!"

"பிடி!"

"பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்! வெரசா ஆகட்டும், அடுப்புல பருப்பு கெடக்கு!"

ஒரு பாட்டில் ஆயில் காலி. டியூப்பில் ஒரு குமிழ்கூட இல்லை. பெடல் மட்டும் அதே பஞ்சு.

சின்னமனூர் மெக்கானிக் ராசு அண்ணனுக்கு போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"போடியில ஒரு கல்யாணத்துல இருக்கேன் தம்பி. சொல்லுங்க."

சொன்னேன்.

"இஞ்சினை ஓடவிட்டு ஒரே அழுத்தா அழுத்திப் பிடிங்க. கொஞ்சங் கொஞ்சமா கீழ எறங்குதா?"

"இல்லண்ணே, அங்கனயே நிக்குது."

"எங்கயாச்சும் ஆயில் ஒழுகுதா?"

"இல்லண்ணே."

"டக்கு டக்குன்னு நாலு மிதி மிதிச்சா?"

"கல்லு மாதிரி ஆயிருதுண்ணே."

"அப்ப மாஸ்டர் சிலிண்டர்ல கோளாறு இருக்காது. உள்ள காத்துதான் நிக்குது. எடுங்க."

"எடுத்துட்டேன்ணே! வரமாட்டேங்குது!"

"இருக்கிற காத்து எங்க போகும்? நல்லாப் பாருங்க தம்பி." பந்திக்குக் கூப்பிட்டார்கள் போல. வைத்துவிட்டார்.

ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். (பிறகு நானே போய் எடுத்து வந்தேன்.)

கோமதி இறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நம்ம தோட்டத்துச் சொட்டுநீர்க் கொழாய்ல காத்து வால்வை எங்கன வச்சிருக்கீக?"

"மேட்டுல."

"ஏன் மேட்டுல?"

"காத்து மேலதான வந்து நிக்கும்?"

"அப்ப இந்த நிப்பிள் மட்டும் ஏன் தரையைப் பாத்துக்கிட்டு இருக்கு?"

எழுந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஓடிப் போய்க் குனிந்தேன்.

நிப்பிள் காலிபரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் கீழே இருந்தது. பெயின்ட் காய்ந்த சந்தோஷத்தில் இடது காலிபரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன்! காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்க, நான் கீழே ஆயிலைக் கறந்துகொண்டிருந்தேன்.

போன வருசம் காற்று வால்வைப் பள்ளத்தில் மாட்டிய ஆளை, எங்கள் ஊர் சுருளிப்பட்டியே கேட்கும்படி திட்டியவன் நான்தான். அந்த அண்ணன் இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள்!

கழற்றினோம். கோமதி நெயில் பாலிஷை எடுத்து வந்து ஒன்றில் 'இ', மற்றதில் 'வ' என்று எழுதிய பிறகுதான் மாட்டவே விட்டாள்.

"மிதி!" என்று சொல்லி நிப்பிளைத் திறந்ததும் குபுகுபுவென்று வந்தது பாருங்கள் குமிழ்! நாலைந்து தடவையில் பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. காலியான தோட்டத்து ரோட்டில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட தீய்ந்த பருப்பு அவ்வளவு ருசி!

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் போகிற வழியில் ராசு அண்ணன் கடையில் நிறுத்தினோம். அவர் பெடலை அழுத்திப் பிடித்தார், நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டும் வந்தார்.

"தைரியமாப் போங்க தம்பி. இதென்ன, ரோஸ் கலர்ல எழுத்து?"

"வீட்டுல எழுதுனாக."

"அவுகளை நம்ம கடைக்கு வரச் சொல்லுங்க. சம்பளம் பேசிக்கலாம்."

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சாயங்காலத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம். பின் சீட்டில் சித்ரா, பக்கத்தில் கோமதி. வண்டி இரண்டாவது கியரில். ஒவ்வொரு வளைவிலும் பெடல் கால் கேட்ட இடத்தில் நின்றது. இருந்தும் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. சித்ராவின் வளையல் சத்தம் கேட்கிற வரைக்கும் கொஞ்சம் தைரியம்.

பாதி மலையில் அந்தச் சத்தம் நின்றது.

பதறிப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கோமதி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

என் தங்கச்சி, அவள் தோளில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்!

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் முழித்தாள். "என்னண்ணே நிறுத்திட்ட? இன்னும் எறக்கம் இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் கோமதி பார்த்துவிட்டாள்.

"பயப்படாத சித்ரா, எறங்கியாச்சு. ஒங்கண்ணன் அடுத்து கியர் பாக்ஸுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு யோசிக்கிறாக!"